மேய்ச்சல் நிலமும் வனவிலங்கும்: மாசாய் மக்கள் கற்பிக்கும் பாடம்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டு உங்களில் சிலர் வியப்படைந்திருக்கலாம். கிழக்கு ஆப்பிரிக்காவில் மாடு மேய்க்கும் ஒரு மக்கள் வனவிலங்குகளைக் காக்கும் வரலாற்றுக்கும் நம் பஞ்சாயத்துக்கும் என்ன தொடர்பு என்று சற்று முன் வாயிலிலேயே ஓர் அன்பர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் அவரிடம் திருப்பி ஒரு கேள்வி கேட்டேன்: “இரவில் ஒரு சிங்கம் பட்டிக்குள் பாய்ந்து ஒரு கறவைப் பசுவை அடித்துவிடுகிறது. சிங்கம் நாட்டின் செல்வம். பசுவோ ஓர் ஏழையின் செல்வம். அந்த நட்டம் யாரைச் சேர்ந்தது?” அவர் சிறிது யோசித்து, “ஏழையைத்தான் சேரும். வேறு யார் தலையில் விழும்?” என்றார்.

அன்பர்களே, இந்த ஒரு கேள்விக்கு நேர்மையான விடை காண மாசாய் மக்கள் பல ஆண்டுகளாகச் செய்துவரும் முயற்சியே என் பேச்சின் பொருளாகும். சட்டத்தாலும் காவலாலும் மட்டும் தீராத ஒரு சிக்கலை ஊர்க்கூட்டமும் ஊர்க்கட்டுப்பாடும் ஓரளவு தீர்த்திருக்கின்றன. எங்கே தீர்த்தன, எங்கே தவறின என்பதை அறிவது, பொதுநிலத்தைக் காக்கும் பொறுப்பை ஏற்றுள்ள நமக்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

மழையைத் தொடர்ந்து செல்லும் வாழ்வு

மாசாய் மக்கள் கென்யாவின் தென்பகுதியிலும் தான்சானியாவின் வடபகுதியிலும் வாழ்கின்றனர். மாடு, ஆடு, செம்மறி ஆகியவையே அவர்களுடைய செல்வம். அவர்கள் நாட்டில் மழை குறைவு. பெய்யும் மழையும் எங்கும் ஒருபடித்தாகப் பெய்வதில்லை. ஒரு மேட்டில் பெய்த மழை அடுத்த மேட்டை எட்டிப்பார்க்காது. ஆகையால் அவர்களுடைய வாழ்வு, புல் எங்கே முளைக்கிறதோ அங்கே மந்தையை ஓட்டிச் செல்லும் வாழ்வாக அமைந்தது. மழைக்காலத்தில் ஓரிடம், கோடையில் நீர் வற்றாத சதுப்போரம் என்று இடம் மாறினார்கள். கன்றுகளுக்கும் நோயுற்ற மாடுகளுக்கும் என வீட்டுக்கு அருகில் கொஞ்சம் புல்லைத் தொடாமல் ஒதுக்கி வைப்பதும் அவர்களுடைய பழைய வழக்கம்.

அதே புல்லைத்தான் வரிக்குதிரை, வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான் இனம், எருமை, யானை எல்லாம் தேடிச் சென்றன. வேட்டையாடி உண்பதை மாசாய் மக்கள் இழிவாகக் கருதினார்கள். கால்நடை இல்லாதவன்தான் காட்டு விலங்கைத் தின்பான் என்பது அவர்கள் எண்ணம். பெரும் பஞ்சம் வந்தால் மட்டுமே அவற்றின் இறைச்சியை நாடினார்கள். ஆகவே பல நூற்றாண்டுகளாக மந்தையும் மானும் ஒரே வெளியில் மேய்ந்து வந்தன.

இந்த உறவில் நன்மையும் இருந்தது, தீமையும் இருந்தது. நன்மையை முதலில் கூறுகிறேன். கிடை போட்ட வயல் எப்படி விளையும் என்பதை நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டியவர்கள். மாசாய் மக்களின் பட்டி சில ஆண்டுகள் ஓரிடத்தில் இருந்து, பிறகு வேறிடம் செல்லும். விட்டுச்சென்ற பட்டியின் சாணமும் எருவும் ஊறிய மண்ணில் செழும்புல் முளைக்கும். அந்தப் புல்லைத் தேடி மான்கள் வரும். கென்யாவின் நரோக் பகுதியில், 3,000 ஆண்டுகள் வரை பழமையுடைய மேய்ப்பர் பட்டிகள் இருந்த இடங்கள் இன்றும் வளம் குன்றாத புல்திட்டுகளாக விளங்குவதை 2018-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி எடுத்துக்காட்டியது. மாடு மேய்ப்பவன் காட்டை அழிப்பவன் என்று மட்டுமே எண்ணியவர்களுக்கு இது நல்ல விடையாகும்.

இனித் தீமை. சிங்கம், சிறுத்தை, கழுதைப்புலி ஆகியவை மந்தையில் கைவைக்கும் என்பது தெரிந்ததே. அதனினும் கொடியது ஒன்று உண்டு. வில்டபீஸ்ட் கன்று ஈனும் பருவத்தில், இளங்கன்றுகளின் மூக்கு நீர், கண்ணீர் வழியாக ஒரு நச்சுக் கிருமி புல்லில் படிகிறது. அந்தப் புல்லை மேய்ந்த மாட்டுக்குக் கடுங்காய்ச்சல் கண்டு, கண்ணும் மூக்கும் ஒழுகி, பெரும்பாலும் மாடு இறந்துவிடும். ஆதலால் அந்தப் பருவத்தில் மாசாய் மக்கள் தம் மாடுகளை அப்புல்வெளியிலிருந்து விலக்கி ஓட்டிவிடுவார்கள். ஆண்டிலேயே சத்து மிகுந்த புல்லைக் காட்டு விலங்குக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, தாம் தரம் குறைந்த புல்லோடு அமைகிறார்கள் என்று பொருள். வனவிலங்கின் செலவை அவர்கள் எவ்வளவு காலமாகத் தாங்கி வந்தனர் என்பதற்கு இதுவே சான்று.

நிலம் கைமாறிய வரலாறு

இங்ஙனம் வாழ்ந்தவர்களுடைய நிலம் எவ்வாறு சுருங்கியது என்பதையும் அறிதல் வேண்டும். 1904-ஆம் ஆண்டில் ஆங்கிலேய அரசு மாசாய் தலைவர்களிடம் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, பெரும் பிளவுப் பள்ளத்தாக்கின் நல்ல மேய்ச்சல் நிலங்களை வெள்ளையர் குடியேற்றத்துக்கு எடுத்துக்கொண்டது. வடக்கே லைகிப்பியாவிலும் தெற்கேயும் இரண்டு ஒதுக்கீட்டு நிலங்கள் மாசாய் மக்களுக்கு அளிக்கப்பட்டன. மாசாய் இனம் உள்ளளவும் அந்த ஏற்பாடு நிலைக்கும் என்று அவ்வுடன்படிக்கை கூறியது. அது நிலைத்ததோ ஏழே ஆண்டுகள். 1911-ஆம் ஆண்டில் இரண்டாவது உடன்படிக்கை ஒன்று எழுதப்பட்டு, வடக்கே இருந்தவர்களையும் தெற்கே நகர்த்தினார்கள். மாசாய் மக்கள் நீதிமன்றம் சென்றனர். 1913-ல் வழக்குத் தள்ளுபடியாயிற்று.

பின்னர் வனவிலங்குப் பாதுகாப்பின் பெயராலும் நிலம் போயிற்று. தான்சானியாவில் 1951-ஆம் ஆண்டு செரெங்கெட்டி தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. 1959-ல் அங்கிருந்த மாசாய் மக்கள் வெளியேற்றப்பட்டு, மந்தையோடு வாழ இடம் தரப்பட்ட நிகோரோங்கோரோ பகுதிக்குச் சென்றனர். கென்யாவில், கிளிமஞ்சாரோ மலையின் அடிவாரத்தில் அம்போசெலி என்னும் இடம் உண்டு. மலையிலிருந்து நிலத்தடியாக வரும் நீர் அங்கே சதுப்பாக ஊறி நிற்கும். கோடையில் சுற்றுவட்டார மந்தைகளுக்கெல்லாம் அதுவே புகலிடம். 1974-ஆம் ஆண்டில் அச்சதுப்புகளைச் சூழ்ந்த 392 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வெளியேறியவர்களுக்கு மாற்றாகக் குழாய் மூலம் நீர் தரப்படும் என்றும், வருவாயில் பங்கு உண்டு என்றும் வாக்களித்தார்கள். குழாய்நீர் சில ஆண்டுகள் வந்தது, பிறகு பழுதுற்றது. பணமும் நின்றது.

அதன் விளைவு என்ன தெரியுமா? வேட்டையை இழிவெனக் கருதிய அதே மக்களின் இளைஞர்கள், காண்டாமிருகத்தையும் யானையையும் சிங்கத்தையும் ஈட்டியால் குத்திக் கொன்றனர். உணவுக்காக அன்று, விற்பனைக்காகவும் அன்று. தங்கள் சினத்தை அரசுக்குத் தெரிவிக்க அவர்களுக்குத் தெரிந்த வழி அதுவாக இருந்தது. விலங்கோடு வாழ்ந்த மனிதனிடமிருந்து நிலத்தைப் பிரித்தால், அவனே விலங்கின் பகைவனாகிவிடுகிறான் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

பாகப்பிரிவினையும் வேலியும்

நிற்க. 1968-ஆம் ஆண்டில் கென்யா அரசு ஒரு சட்டம் இயற்றி, மாசாய் மேய்ச்சல் நிலங்களைக் கூட்டு மேய்ச்சல் பண்ணைகளாகப் பதிவு செய்தது. ஒவ்வொரு பண்ணைக்கும் உறுப்பினர் பட்டியல் உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட குழு ஒன்று நிருவாகம் செய்யும். நிலம் வெளியார் கைக்குப் போகாமல் காக்க இது நல்ல ஏற்பாடாகத் தோன்றியது. ஆனால் நாளடைவில் மனக்கசப்பு வளர்ந்தது. குழுவில் உள்ளவர்கள் தமக்கு வேண்டியவர்களுக்குச் சலுகை காட்டுகிறார்கள் என்ற குறை எழுந்தது. பட்டியலில் பெயரில்லாத இளைஞர்கள் தமக்கு என்ன மிஞ்சும் என்று அஞ்சினார்கள். “என் பங்கைப் பிரித்துக் கொடுங்கள்” என்ற குரல் ஊர்தோறும் கேட்டது. பண்ணைகள் ஒவ்வொன்றாகத் தனிப்பட்டாக்களாகப் பிரிக்கப்பட்டன.

மாசாய் மாரா என்னும் புகழ்பெற்ற சரணாலயத்தை ஒட்டிய கொய்யாக்கி என்ற பண்ணையில் ஒருவருக்கு ஏறத்தாழ 150 ஏக்கர் கிடைத்தது. 150 ஏக்கர் என்றதும் உங்கள் முகத்தில் ஒரு மலர்ச்சி தோன்றுகிறது. நம் ஊரில் அவர் பெருநிலக்கிழார் அல்லவா? ஆனால் மழை அடுத்தவர் நிலத்தில் பெய்து தன் நிலத்தில் பெய்யாவிட்டால், அந்த 150 ஏக்கரில் மாடு எதை மேயும்? வறண்ட நாட்டில் நிலத்தின் அளவைக் காட்டிலும், இடம் மாறும் உரிமையே பெரிய சொத்து. பட்டா கைக்கு வந்த நாளில் அவ்வுரிமை போயிற்று. சிலர் நிலத்தை விற்றனர். சிலர் கோதுமைப் பயிருக்குக் குத்தகைக்கு விட்டனர். பலர் கம்பி வேலி போட்டனர்.

வேலி எழுந்ததும் விலங்கின் வழி அடைபட்டது. மாராவுக்கு வடகிழக்கே லொய்ட்டா சமவெளியில் ஆண்டுதோறும் இடம்பெயர்ந்து வந்த வில்டபீஸ்ட் மந்தை 1970-களின் பிற்பகுதியில் 1 லட்சத்துக்கு மேல் இருந்தது. அண்மைக் கணக்கெடுப்புகளில் அது 20,000 அளவுக்குக் குறைந்துவிட்டது. கென்யா நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், 1977 முதல் 2016 வரையிலான காலத்தில் மேய்ச்சல் வெளிகளிலுள்ள வனவிலங்கு சராசரியாக 68 சதவீதம் குறைந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இத்தனைக்கும் அந்நாட்டில் வேட்டை 1977-லேயே தடை செய்யப்பட்டுவிட்டது. தடையால் மட்டும் விலங்கு பெருகிவிடாது என்பது இதனால் விளங்கும். ஏனெனில் அந்நாட்டு வனவிலங்கில் பெரும்பகுதி தேசியப் பூங்காக்களுக்குள் இல்லை. ஊராருடைய நிலத்தில்தான் இருக்கிறது. ஊரார் விரும்பாமல் அதைக் காக்க யாராலும் இயலாது.

பிரிந்த நிலம் மீண்டும் சேர்ந்தது

இனி ஊர்க் காப்பகங்களைப் பற்றிக் கூறுகிறேன். அங்கே ‘கன்சர்வன்சி’ என்று அவற்றை அழைக்கிறார்கள். பாகம் பிரிந்த சகோதரர்கள் நட்டத்தைக் கண்டு மறுபடி ஒரே களத்தில் போரடிக்க இசைந்தாற்போல, மாராவைச் சுற்றியுள்ள நில உரிமையாளர்கள் தத்தம் பங்குகளை ஒன்றாக இணைத்து இவற்றை அமைத்தனர். 2005-ஆம் ஆண்டில் ஓல் கின்யேய், 2006-ல் ஒலாரே ஒரோக், 2009-ல் வடமாரா, 2010-ல் நபோய்ஷோ என்று ஒன்றன்பின் ஒன்றாக இவை தோன்றின. நபோய்ஷோவில் மட்டும் 500-க்கு மேற்பட்ட உரிமையாளர்கள் சுமார் 50,000 ஏக்கரை ஒன்று சேர்த்திருக்கிறார்கள்.

ஏற்பாடு இதுதான். பட்டா உரிமையாளர் பெயரிலேயே இருக்கும். அவர் தம் பங்கில் வேலி போடுவதில்லை, வீடு கட்டுவதில்லை, உழுவதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொள்கிறார். விலங்குகளைக் காணவரும் பயணிகளுக்கு விடுதி நடத்துவோர், ஏக்கர் கணக்கில் அவருக்குக் குத்தகைத் தொகை கொடுக்க வேண்டும். பயணிகள் அதிகம் வந்தாலும் குறைவாக வந்தாலும் பேசிய தொகை மாதந்தோறும் தரப்பட வேண்டும் என்பதே விதி. தொகை எந்த இடைத்தரகர் கையிலும் புகாமல் உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கு நேரே செல்கிறது. முன்னர்ச் சரணாலய வருவாய் பல கைகள் மாறி, ஊருக்கு வந்து சேரும்போது கரைந்துபோனதைக் கண்டவர்கள் ஆதலின், இந்த ஒரு விதியில் அவர்கள் உறுதியாக நின்றார்கள்.

விடுதிக்காரர்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. சில காப்பகங்களில் 700 ஏக்கருக்கு ஒரு கூடாரத்துக்கு மேல் அமைக்கக்கூடாது. ஒரு சிங்கத்தைச் சூழ்ந்து கார்கள் கும்பலாக நிற்கக்கூடாது என்பதற்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஊர் இளைஞர்கள் காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் பயிற்சி பெற்று ஊதியம் பெறுகிறார்கள். இன்று இக்காப்பகங்களின் மொத்தப் பரப்பு, ஏறத்தாழ 1,500 சதுர கிலோமீட்டர் உள்ள மாரா சரணாலயத்தின் பரப்புக்கு இணையாக வளர்ந்திருக்கிறது.

புல்லுக்கு ஒரு கணக்கு

காசைப் பற்றியே பேசினால் பாதிக் கதைதான் சொன்னதாகும். காசு வருவதற்கு முன்பே புல்லுக்குக் கட்டுப்பாடு வைத்த ஊர்கள் உண்டு. மகாடி ஏரிக்கும் நிகுருமான் மலைச்சரிவுக்கும் இடையில் ஒல்கிராமாட்டியன், ஷொம்போலே என்னும் இரண்டு மாசாய் சமூகங்கள் உள்ளன. வெப்பம் மிகுந்த, மழை குறைந்த நிலம் அது. தங்கள் நிலத்தை அவர்கள் பிரிக்காமல் பொதுவாகவே வைத்திருந்து, பருவத்துக்கு ஏற்ப வகுத்துக்கொண்டனர். மழைக்காலத்தில் எல்லோரும் ஒரு பகுதியில் மேய்ப்பார்கள். மற்றொரு பகுதியில் மந்தை நுழையக்கூடாது. அங்கே புல் வளர்ந்து நிற்கும். களஞ்சியத்தில் நெல்லைச் சேர்த்து வைப்பதுபோல அவர்கள் கோடைக்குப் புல்லைச் சேர்த்து வைக்கிறார்கள். எந்த நாளில் அந்தப் பகுதியைத் திறப்பது என்பதை மேய்ச்சல் குழு கூடி முடிவு செய்யும். முந்திக்கொண்டு மாட்டை ஓட்டியவருக்குத் தண்டம் உண்டு.

மூடி வைத்த காலத்தில் அப்புல்வெளியில் வரிக்குதிரையும் வில்டபீஸ்டும் ஒட்டகச்சிவிங்கியும் மேய்கின்றன. மந்தை உள்ளே வரும்போது அவை விலகிச் செல்கின்றன. மந்தை திரும்பியதும் மீண்டும் வருகின்றன. மாட்டுக்காக ஒதுக்கிய புல்லே விலங்குக்கும் புகலிடமாயிற்று என்பது இங்கே கவனிக்கத்தக்கது. இரை இருப்பதால் சிங்கமும் அங்கே பெருகியிருக்கிறது. சில பகுதிகளில் சிங்கம் அருகிவரும் காலத்தில், வேலியில்லாத ஊர்நிலத்தில் அது பெருகுகிறதென்றால் அது அவ்வூர்க் கூட்டத்தின் வெற்றியேயாகும்.

பழைய நாளில் மந்தையை நகர்த்துமுன் ஊரார் சில ஆடவரை முன்னே அனுப்புவார்கள். அவர்கள் புல், நீர், நோய், பகை எல்லாவற்றையும் பார்த்துவந்து ஊர்க்கூட்டத்தில் சொல்வார்கள். அவ்வழக்கத்தின் பெயரையே தாங்கி, லலேனோக் என்ற ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஒல்கிராமாட்டியனில் நடைபெறுகிறது. அதன் உடைமை அவ்வூர் மகளிர் குழுவினுடையது. ஊர் இளைஞர்களே விலங்குகளின் நடமாட்டத்தையும் புல்லின் நிலையையும் அளந்து குறிக்கிறார்கள். அக்குறிப்பு ஊருக்கே திரும்பி வருகிறது. வெளியூர் நிபுணர் எழுதி எடுத்துச்சென்று மறைந்துவிடும் அறிக்கையாக அது முடிந்துவிடுவதில்லை.

சிங்கம் அடித்த பசு

இனி முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். பசுவின் நட்டம் யாரைச் சேர்ந்தது?

அம்போசெலிக்கு அருகிலுள்ள ம்பிரிக்கானி என்னும் கூட்டுப் பண்ணையில் 2003-ஆம் ஆண்டு ஓர் இழப்பீட்டு நிதி தொடங்கப்பட்டது. சிங்கமோ கழுதைப்புலியோ மாட்டை அடித்தால், உடனே தகவல் தரவேண்டும். ஆள் வந்து தடயத்தைப் பார்ப்பார். பட்டியின் வேலி உறுதியாக இருந்து, மேய்ப்பவனும் கவனமாக இருந்திருந்தால் இழப்பீடு கூடுதல். பட்டி ஓட்டையாக இருந்தாலோ மாட்டை இரவில் காட்டில் தவறவிட்டிருந்தாலோ தொகை குறைந்துவிடும். இதனினும் முக்கியமான விதி ஒன்றுண்டு: அப்பகுதியில் யாரேனும் ஒரு சிங்கத்தைக் கொன்றால், அப்பகுதியினர் அனைவரும் அத்தவணை இழப்பீட்டை இழப்பார்கள். ஆகவே ஈட்டியோடு புறப்படும் இளைஞனைத் தடுக்க அரசின் காவலர் தேவைப்படவில்லை. அவன் பெரியப்பாவும் பக்கத்துப் பட்டிக்காரரும் போதும்.

சிங்கத்தைக் கொல்வது மாசாய் இளைஞர்களுக்கு வீரத்தின் அடையாளமாக இருந்தது. முதல் ஈட்டியை எறிந்தவனுக்கு ஊரில் தனிப்பெயரும் புகழும் கிடைக்கும். அந்தப் புகழை வெறுமனே பறித்தால் இளைஞர் மனம் ஏற்குமா? ஆகவே 2007-ஆம் ஆண்டு முதல் அம்போசெலி வட்டாரத்தில் ‘சிங்கக் காவலர்’ என்ற அமைப்பு அதே இளைஞர்களை வேலைக்கு எடுத்தது. அவர்களுக்கு எழுதப் படிக்கவும், கருவி கொண்டு சிங்கத்தின் இருப்பிடம் அறியவும் கற்பித்தது. சிங்கம் இன்ன பக்கம் இருக்கிறது, மாட்டை அங்கே ஓட்டாதீர்கள் என்று மேய்ப்போருக்கு அவர்கள் சொல்கிறார்கள். தவறிய மாட்டைத் தேடித் தருகிறார்கள். உடைந்த பட்டியைச் செப்பனிடுகிறார்கள். ஒவ்வொரு சிங்கத்துக்கும் மாசாய் மொழியில் ஒரு பெயர் இடுகிறார்கள். பெயரிட்டு அழைத்த பிராணியின்மேல் ஈட்டி எறிய யாருக்குத்தான் கை எழும்? 2012 முதல் ஈட்டி எறிதல், ஓட்டம், உயரத் தாண்டுதல் ஆகியவற்றில் இளைஞர்களுக்குப் போட்டிகளும் நடத்தப்படுகின்றன. வீரத்தைக் காட்டக் களம் மாறியது, வீரம் குறையவில்லை.

குறைகளையும் மறைத்தலாகாது

இவையெல்லாம் கேட்டு, அங்கே எல்லாம் செம்மையாக நடக்கிறது என்று நீங்கள் எண்ணிவிடக்கூடாது. குறைகளைச் சொல்லாமல் நிறைகளை மட்டும் சொல்வது உங்களை ஏமாற்றுவதாகும்.

முதலாவது, குத்தகைத் தொகை பட்டா உள்ளவருக்குத்தான் செல்கிறது. பட்டாக்கள் பெரும்பாலும் ஆடவர் பெயரில் உள்ளன. பால் கறப்பதும் குடிசை கட்டுவதும் விறகும் நீரும் சுமப்பதும் பெண்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்தோ ஆடவருடையது. பட்டா இல்லாத குடும்பங்கள் காப்பகத்தின் எல்லைக்கு வெளியே நெருக்கடியில் வாழ நேர்ந்தது.

இரண்டாவது, தொடக்கத்தில் சில காப்பகங்கள் மந்தையை அறவே விலக்கப் பார்த்தன. வறட்சி வந்தபோது கண்ணெதிரே புல் நிற்க, மாடு பட்டினி கிடந்தால் யார் பொறுப்பார்? இரவோடிரவாக மாட்டை உள்ளே ஓட்டினார்கள். பிடிபட்டுத் தண்டம் கட்டினார்கள். பிறகுதான், முறைவைத்து மேய்க்கும் திட்டத்தை நிருவாகிகள் ஏற்றுக்கொண்டனர். 2016-ஆம் ஆண்டில் மாசாய் மக்களே தொடங்கிய நஷுலாய் என்ற காப்பகம் இதில் ஒரு படி முன்னே சென்றது. சுமார் 5,000 ஏக்கர் கொண்ட அங்கே மக்களும் வெளியேறவில்லை, மந்தையும் வெளியேறவில்லை. வேலிகளை எடுத்துவிட்டு, மேய்ச்சலை முறைப்படுத்தினார்கள். 2020-ல் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டம் அதற்குப் பரிசளித்துப் பாராட்டியது.

மூன்றாவது, பயணிகளை மட்டும் நம்பிய வருவாய் நிலையற்றது. 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்று வந்து விமானங்கள் நின்றபோது விடுதிகள் வெறிச்சோடின; மாறாது என்று பேசிய குத்தகைத் தொகையும் பல இடங்களில் குறைக்கப்பட்டது. அது ஓய்வதற்குள் வறட்சி வந்தது. 2020 இறுதி தொடங்கி ஐந்து பருவமழைகள் அடுத்தடுத்துப் பொய்த்தன. கென்யாவில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. வரிக்குதிரையும் வில்டபீஸ்டும் யானைகளும்கூட மடிந்தன. அந்நாளில் புல்லைச் சேர்த்து வைத்திருந்தவர்களும் துன்புற்றார்கள். ஆயினும் மாட்டை ஓட்டிச்செல்ல அவர்களுக்கு ஓரிடமாவது இருந்தது.

நான்காவது, மக்களைக் கேளாமல் முடிவு செய்யும் பழைய வழக்கம் இன்னும் ஒழியவில்லை. தான்சானியாவில் லொலியொண்டோ என்னும் பகுதியில் 1,500 சதுர கிலோமீட்டர் மேய்ச்சல் நிலத்தை விலங்குகளுக்கென ஒதுக்கி, 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் எல்லைக் கற்கள் நட்டபோது பெரும் மோதல் மூண்டது. மக்கள் பலர் காயமுற்றனர். காவலர் ஒருவர் உயிரிழந்தார். எல்லைக்கல்லை நடுவதற்குமுன் ஊரைக் கூட்டிக் கேட்டிருந்தால் என்ன என்று நினைக்கத் தோன்றுகிறது.

நமக்கு உரிய பாடம்

பஞ்சாயத்து உறுப்பினர்களே, நம் ஊர் மேய்ச்சற் புறம்போக்கில் சிங்கம் இல்லை. ஆனால் பொதுநிலம் இருக்கிறது. அதை நம்பிய மாடுகள் இருக்கின்றன. அதை வளைத்துக்கொள்ளக் காத்திருக்கும் கைகளும் இருக்கின்றன. மாசாய் மக்களின் அனுபவத்திலிருந்து நான் கண்ட சில உண்மைகளை உங்கள்முன் வைக்கிறேன்.

பொதுச் சொத்தைக் காப்பவனுக்கு அதன் பயன் கிடைக்க வேண்டும். அதுவும் கணக்கோடு, காலத்தில், அவன் கைக்கே கிடைக்க வேண்டும். நட்டம் ஒருவனுக்கும் பயன் மற்றொருவனுக்கும் என்று அமைந்த எந்த ஏற்பாடும் நிலைக்காது.

கட்டுப்பாட்டை யார்மேல் சுமத்துகிறோமோ அவர்களே கூடி அதை வகுக்க வேண்டும். வெளியிலிருந்து வந்த தடையை மீறுவதில் ஒருவனுக்கு ஒரு பெருமை தோன்றும். தானே கைதூக்கி நிறைவேற்றிய விதியை மீறினால் அவன் ஊரார் முகத்தில் விழிக்க இயலாது.

பட்டியலில் பெயரில்லாதவரை மறந்துவிடக்கூடாது. பெண்களும் இளைஞர்களும் நிலமற்றவர்களும் விலக்கப்பட்ட கூட்டுறவு, ஒருநாள் அவர்களாலேயே பிரிக்கப்படும். கூட்டுப் பண்ணைகள் உடைந்தது அதனால்தான்.

இறுதியாக, நிலத்தைப் பிரிப்பது ஒரு நாள் வேலை. சேர்ப்பதோ ஒரு தலைமுறை வேலை. பங்கு போட்டு வேலியிட்ட பிறகு, இழந்ததைக் கண்டு வேலியைப் பிடுங்கியவர்கள் மாசாய் மக்கள். அந்த அனுபவத்தை அவர்கள் பெரும் விலை கொடுத்துப் பெற்றிருக்கிறார்கள். நாம் கேட்டே அறிந்துகொள்ளலாம்.

அன்பர்களே, அடுத்த கிராமசபை கூடும்போது, நம் ஊர் மேய்ச்சல் நிலத்தின் பரப்பு எவ்வளவு, இன்று எஞ்சியிருப்பது எவ்வளவு என்ற ஒரு கேள்வியை மட்டும் எழுப்புங்கள். எந்த மாதத்தில் எந்தப் பக்கம் மேய்ப்பது, எந்தப் பக்கம் புல்லை வளரவிடுவது என்று மாடு வைத்திருப்பவர்களையே கேட்டு எழுதிவையுங்கள். அந்த ஒரு தாளிலிருந்து வேலை தொடங்கட்டும்.

வாயிலில் என்னைக் கேள்வி கேட்ட அன்பர் இப்போது முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். நட்டம் ஏழையைத்தான் சேரும் என்று அவர் சொன்னார். ஊர் சும்மா இருந்தால் அவர் சொன்னதே நடக்கும். ஊர் கூடினால் அந்த நட்டத்தைப் பலர் தோளில் பகிர்ந்து சுமக்கலாம். பசுவும் பிழைக்கும், சிங்கமும் பிழைக்கும். இதுவே நான் சொல்ல வந்தது.